ஜார்ஜ் அழகையா: செய்தி மேசையும் அறப்பணியும்

ஜார்ஜ் அழகையா (1955–2023) பிபிசி தொலைக்காட்சியின் மாலை ஆறு மணிச் செய்தியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்தவர். கொழும்பில் பிறந்து, கானாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் படித்த இலங்கைத் தமிழர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவருடைய பெயரின் ழகரம் தொலைந்துபோனது. பிரிட்டன் மக்கள் அதைத் தங்கள் நாவுக்கு வந்தபடி உச்சரித்தார்கள். ஆயினும் அந்த நாட்டின் பொதுச் செய்தி ஒளிபரப்பில் அதிகம் பேர் அறிந்த முகங்களுள் ஒன்று அவருடையது. செய்திப் பணியோடு நியாய வணிகம், குறுங்கடன், புற்றுநோய் விழிப்புணர்வு ஆகியவற்றிலும் அவர் ஈடுபட்டார். இந்த இரு துறைகளுக்கும் அடியில் ஒரே கேள்வி இருந்தது: துன்பப்படுகிறவரைப் பார்க்கும்போது, அவருடைய மானத்துக்குக் குறைவு வராமல் பார்ப்பது எப்படி?

கொழும்பிலிருந்து கானாவுக்கு

அழகையா 1955 நவம்பர் 22 அன்று கொழும்பில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொறியாளர். அவருக்கு ஒரு வயதுகூட நிரம்பாத வேளையில், 1956இல், இலங்கை நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலம் படித்து அரசுப் பணியிலும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழில்களிலும் இருந்த தமிழர்களுக்கு அந்தச் சட்டம் எதிர்காலத்தின் கதவைச் சாத்தியது போலாயிற்று. 1958இல் நடந்த இனக்கலவரம் உயிருக்கே அச்சத்தைக் கொண்டுவந்தது. பின்வந்த ஆண்டுகளில் படித்த தமிழர் பலர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார்கள். அழகையா குடும்பம் 1961இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போனது.

கானா 1957இல்தான் விடுதலை பெற்றிருந்தது. குவாமே இன்குருமாவின் தலைமையில் அணை, சாலை, துறைமுகம் என்று கட்டுமானப் பணிகள் வேகமாக நடந்த காலம் அது. வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு இருந்தது. சிறுவன் ஜார்ஜ் அக்ராவில் தொடக்கக் கல்வி பெற்றான். அப்போதைய கானா தன்னம்பிக்கை நிறைந்த நாடு. அவன் கண்ட ஆப்பிரிக்கா அதுதான். பஞ்சமும் போரும் மட்டுமே ஆப்பிரிக்கா என்று பிற்காலத்தில் உலகத் தொலைக்காட்சிகள் காட்டியபோது, அந்தச் சித்திரத்தை அவரால் முழுதாக ஏற்க முடியாமல் போனதற்கு இந்த இளமை அனுபவமே காரணம். இன்குருமாவின் ஆட்சி 1966இல் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 11 வயதில், ஜார்ஜ் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிலிருந்த புனித ஜான் கல்லூரி என்னும் கத்தோலிக்க விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். இப்படிப் பன்னிரண்டு வயது நிரம்புவதற்குள் மூன்று கண்டங்களில் வாழ்ந்தாயிற்று.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தபோது அங்கிருந்த மாணவர் இதழான 'பலாட்டினேட்'டின் ஆசிரியராக இருந்தார். எழுத்துத் தொழிலுக்கு அதுவே வாசல். 1982 முதல் 1989 வரை லண்டனிலிருந்து வெளிவந்த 'சவுத்' இதழில் பணியாற்றினார். பாகிஸ்தானிய எழுத்தாளர் அல்தாஃப் கௌஹர் தொடங்கிய அந்த இதழ், மேற்கு நாடுகளின் கண்ணாடி வழியாக அல்லாமல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் நிலையில் நின்று உலகப் பொருளாதாரத்தைப் பார்க்க முயன்றது. கடன் சுமை, மூலப்பொருள் விலை, வணிக விதிகள் ஆகியவை அதன் அன்றாடப் பேச்சு. பின்னாளில் நியாய வணிகத்தின்பால் அழகையா ஈர்க்கப்பட்டதற்கு இந்த ஏழு ஆண்டுப் பயிற்சி அடித்தளமாக இருந்தது.

களச் செய்தியாளர்

1989இல் பிபிசியில் சேர்ந்தார். தமிழ்த் தொலைக்காட்சிகளில் செய்தி வாசிப்பாளர் ஒருவர், செய்தியாளர் வேறொருவர் என்பதே நீண்ட கால வழக்கம். உச்சரிப்பும் குரலும் தோற்றமும் பார்த்து வாசிப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். செய்தியை எழுதுவது வேறு ஆள். பிரிட்டனிலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பிற்பாடு, களத்தில் பல ஆண்டு அலைந்த செய்தியாளரையே வாசிப்பு மேசைக்குக் கொண்டுவரும் முறை அங்கே வலுப்பெற்றது. அழகையா அந்த வழியில் வந்தவர். மேசைக்கு வருமுன் பத்தாண்டுக்கும் மேல் வெளிநாட்டுச் செய்தியாளராக இருந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் தங்கி ஆப்பிரிக்கச் செய்திகளை அனுப்பினார்.

சோமாலியாவின் பஞ்சமும் உள்நாட்டுப் போரும், 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட இனப்படுகொலை, லைபீரியா, சியரா லியோன், ஆப்கானிஸ்தான் போர்கள், கொசோவோ என அவர் சென்ற இடங்களின் பட்டியல் நீளமானது. ருவாண்டாவில் நடப்பதை உலகுக்குச் சொன்ன பிபிசி செய்தியாளர்களில் முதல் வரிசையில் இருந்தவர். நெல்சன் மண்டேலா, டெஸ்மண்ட் டூட்டு, கோஃபி அன்னான், ராபர்ட் முகாபே ஆகியோரைப் பேட்டி கண்டார். 1994இல் பிரிட்டன் அம்னெஸ்டி அமைப்பின் ஊடக விருது கிடைத்தது. கொசோவோ போர்ச் செய்திகளுக்காக 2000இல் பாஃப்டா விருது பெற்ற பிபிசி குழுவிலும் அவர் இருந்தார்.

இந்த ஆண்டுகளில் அவரால் மறக்கவே முடியாமல் போனது, விருது எதுவும் வாங்கித் தராத ஒரு சிறு நிகழ்ச்சி. 2001இல் வெளியான 'எ பாஸேஜ் டு ஆப்பிரிக்கா' என்ற தன்வரலாற்று நூலில் அதை எழுதியிருக்கிறார். 1991 இறுதிக்கும் 1992 டிசம்பருக்கும் இடையே, சோமாலியாவில் உதவிக் குழுக்கள் எட்டிப் பார்க்காத ஒரு சிற்றூருக்கு அவர் போனார். பசியால் இறந்த குழந்தை, காயம் புரையோடிக் கிடந்த மூதாட்டி எனக் குடிசை குடிசையாகக் காட்சிகள். படம் பிடிப்பவர்களுக்கு நேற்று அதிர்ச்சி தந்த காட்சி இன்று பழகிப்போகிறது, இன்னும் கொடியதைத் தேடுகிறார்கள் என்று அவர் தம் தொழிலையே அந்த இடத்தில் குற்றம் சாட்டுகிறார். அப்போது ஒரு குடிசை வாசலில் எலும்பும் தோலுமாக நின்ற ஒருவர் அவரைப் பார்த்து ஒரு கணம் புன்னகைத்தார். மகிழ்ச்சியில்லாத, வரவேற்பும் இல்லாத புன்னகை. மொழிபெயர்ப்பாளரை விட்டு விசாரித்தபோது, இந்தக் கோலத்தில் பிறர் கண்ணில் படுவதற்குக் கூச்சப்பட்டு அவர் அப்படிச் சிரித்தார் என்று தெரிந்தது.

பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்ற ஏற்பாட்டை அந்தப் புன்னகை தலைகீழாக்கிவிட்டது. கேமராவுக்கு எதிரே நிற்பவர் பசிக்கு ஓர் எடுத்துக்காட்டு என்ற நிலையிலிருந்து, வீடு தேடி வந்தவருக்கு முன்னால் வெட்கப்படும் குடித்தனக்காரர் ஆனார். விருந்தினர் வந்த நேரத்தில் அடுப்பில் ஒன்றுமில்லாத வீட்டுக்காரரின் கூச்சத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டதற்காக வருந்திய அழகையா, அவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக எழுதினார். அந்தப் பகுதி பிரிட்டனின் பள்ளித் தேர்வுப் பாடத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, பல நாடுகளில் மாணவர்களால் படிக்கப்படுகிறது.

ஆறு மணிச் செய்தி

களத்திலிருந்து அரங்குக்கு அவர் படிப்படியாக வந்தார். 2002இல் தொடங்கிய பிபிசி ஃபோர் சேனலின் செய்தியை வழங்கினார். 2003 தொடக்கத்தில் சோஃபி ராவொர்த்துடன் சேர்ந்து ஆறு மணிச் செய்தியின் வாசிப்பாளரானார். பிறகு சில ஆண்டுகள் நடாஷா கப்லின்ஸ்கி உடனிருந்தார். 2007 டிசம்பரிலிருந்து தனி வாசிப்பாளர். இதழியல் பணிக்காக 2008 புத்தாண்டுப் பட்டியலில் ஓ.பி.இ. என்னும் அரச விருது பெற்றார்.

ஆறு மணிச் செய்தி அரை மணி நேரம் ஓடும். வேலை முடிந்து வீடு திரும்பிய குடும்பங்கள் பார்ப்பது என்பதால் உள்நாட்டுச் செய்திகளுக்கே அதில் முதலிடம். வாசிப்பாளர் நேராகத் தங்களைப் பார்த்துப் பேசுவதாகப் பார்வையாளர்களுக்குத் தோன்றும். கேமரா லென்சுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் எழுத்து கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டிருக்கும். பார்வை அதில் இருக்கும்போதே அது லென்சைப் பார்ப்பதும் ஆகிவிடுகிறது. அதே நேரத்தில் காதில் செருகிய கருவியில் தயாரிப்பாளரின் குரல் நொடிகளை எண்ணும். நேரலையில் காத்திருக்கும் செய்தியாளரின் இணைப்பு அறுந்ததா என்று சொல்லும். வரிசையில் அடுத்திருந்த செய்தியை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகும். முகத்தில் எதையும் காட்டாமல் இரண்டு பேச்சை ஒரே சமயத்தில் நடத்துவதே இந்தத் தொழிலின் கைத்திறன். களத்தில் இருந்தவருக்கு இன்னொரு வசதி உண்டு. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லும்போது அந்த ஊரின் தெரு அவர் கண்ணுக்குத் தெரியும். எந்தச் சொல் அங்கே யாரைச் சுடும் என்பதும் தெரியும். அழகையாவின் நிதானமான, குரல் உயராத வாசிப்புக்குப் பின்னால் இருந்தது இந்த அறிவு.

மேசையில் அமர்ந்த பிறகும் களத்தை அவர் முற்றாக விடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடலின் கரைகளைத் தாக்கியது. இலங்கைக்குச் சென்ற அழகையா, தாத்தா பாட்டி வாழ்ந்த பழைய வீட்டைத் தேடிப் போனார். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. சகோதரிகளோடு சிறுவயதில் விளையாடிய கிணற்றை மட்டும் அடையாளம் கண்டார். அதுவும் இனிப் பயன்படாத நிலையில் இருந்தது. பிறர் வீடுகளின் இடிபாடுகளைப் பதினைந்து ஆண்டுகளாகப் படம்பிடித்துக் காட்டியவர், இம்முறை தம் வீட்டின் இடிபாட்டுக்கு முன்னால் நின்றார்.

நியாய விலை, சிறு கடன்

அழகையா 2002இல் பிரிட்டனின் ஃபேர்டிரேட் (நியாய வணிக) அறக்கட்டளைக்குப் புரவலரானார். 1992இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பு, சில நிபந்தனைகளை நிறைவேற்றும் பொருள்களுக்கு முத்திரை வழங்குகிறது. அதன் வேலை முறை எளியது. காப்பி, கோகோ, தேயிலை, வாழைப்பழம் போன்றவற்றின் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது. அது சரிந்தால் சிறு விவசாயிக்குப் போட்ட முதலும் கிடைப்பதில்லை. முத்திரை பெற்ற பொருளை வாங்கும் நிறுவனம், சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும், அந்தப் பொருளுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகக்கூடாது. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் தர வேண்டும். கிணறு வெட்டுவதா, பள்ளிக்கூடம் கட்டுவதா என்று அந்தத் தொகையின் செலவை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமே கூடி முடிவு செய்யும்.

நம் ஊரில் நெல்லுக்கும் கரும்புக்கும் அரசு அறிவிக்கும் ஆதார விலையை நினைத்தால் இது புரியும். ஆதார விலையில் அரசு செய்வதை நியாய வணிகத்தில் வாங்குபவரின் விருப்பம் செய்கிறது என்பதே வேறுபாடு. அழகையா வளர்ந்த கானா உலகின் மிகப் பெரிய கோகோ உற்பத்தி நாடுகளுள் ஒன்று. 1993இல் அங்கே தொடங்கப்பட்ட குவாப்பா கொக்கூ என்ற விவசாயிகள் கூட்டுறவு, பிரிட்டனில் விற்பனையாகும் ஒரு சாக்லேட் நிறுவனத்திலேயே பங்குதாரராகும் அளவுக்கு வளர்ந்தது. விதைத்தவர் கடைசியில் தட்டேந்தி நிற்காமல் விற்பனை மேசையில் உட்காரலாம் என்பதற்கு அது சான்று. நியாய வணிகத்துக்குக் குறை சொல்வோரும் உண்டு. முத்திரைக்கான கட்டணத்தைச் சிறு சங்கங்களால் தாங்க முடிவதில்லை என்றும், சங்கத்தில் சேராத கூலித் தொழிலாளிக்குப் பயன் போய்ச் சேர்வதில்லை என்றும் பொருளாதார ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

குறுங்கடன் அவர் ஆதரித்த இன்னொரு துறை. ஏழை நாடுகளில் சிறுதொழில் செய்வோருக்குச் சிறு தொகைகளைக் கடனாகத் தரும் ஆப்பர்ச்சூனிட்டி இன்டர்நேஷனல் அமைப்புக்காக அவர் நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். தமிழ்நாட்டில் இந்த யோசனை மகளிர் சுயஉதவிக் குழுக்களாக 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கியது. இன்று திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் வாரக் கூட்டம், சேமிப்பு, வரவு செலவு நோட்டு என்று அது அன்றாட நடைமுறை. நியாய வணிகமும் குறுங்கடனும் பணத்தை இலவசமாகக் கையில் திணிப்பதில்லை. பெறுகிறவர் விற்பவராகவோ கடன்காரராகவோ, கணக்குத் தீர்க்கக் கூடியவராக நிற்கிறார். சோமாலியக் குடிசை வாசலில் கூசி நின்ற மனிதரை மறக்காதவர் இந்த இரண்டையும் தேர்ந்தது தற்செயல் ஆகாது.

மேசைக்கும் மேடைக்கும் இடையே

2009 ஜூலையில் ஃபேர்டிரேட் புரவலர் பொறுப்பிலிருந்து அவர் விலக நேர்ந்தது. செய்தி வாசிப்பாளர் ஒருவர் வணிக முத்திரை வழங்கும் அமைப்பின் முகமாக இருப்பது நலமுரணுக்கு இடம் தரும் என்று பிபிசி நிர்வாகம் கருதியது. அதே ஆண்டில் உலக உணவு நெருக்கடி பற்றிய 'த ஃபியூச்சர் ஆஃப் ஃபுட்' என்ற ஆவணத் தொடரையும் அவர் பிபிசிக்காக வழங்கினார்.

இந்த விலகலுக்குப் பின்னுள்ள வாதம் பொதுச் செய்தித் தொழிலில் பழையது. பிபிசியின் செலவை உரிமக் கட்டணமாகப் பார்வையாளர்கள் அனைவரும் ஏற்கிறார்கள். எனவே சர்ச்சைக்குரிய கொள்கை எதிலும் அதன் வாசிப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார் என்ற எண்ணம்கூட வரக்கூடாது என்பது அதன் விதி. வெள்ள நிவாரணத்துக்கு நிதி கேட்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்காது. நியாய வணிகம் அப்படிப்பட்டதன்று. உலக வணிகம் எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றிய கருத்து அதற்குள் இருக்கிறது. நாளை கோகோ விலை பற்றிய செய்தியை வாசிக்கும்போது அதன் புரவலர் என்ற பெயர் இடையே நிற்கும். எதிர்வாதமும் வலுவானதே. பசியை நேரில் கண்டவரிடம் அதைப் பற்றிக் கருத்தே வைத்துக்கொள்ளாதே என்று கேட்பது, அவரை எதற்காக மேசைக்குக் கொண்டுவந்தார்களோ அந்த அனுபவத்தையே மறுப்பதாகும். நிதி திரட்டுவது வரை அறம், விலையைப் பற்றிப் பேசினால் அரசியல் என்று கோடு போடும்போது, ஏழையை இரக்கத்துக்குரியவராக மட்டுமே காட்ட அனுமதி கிடைக்கிறது. அழகையா விதிக்குக் கட்டுப்பட்டு விலகினார். செய்தி வாசிப்பைத் தொடர்ந்தார்.

குடிபெயர்ந்தவர் வீடு

அவருடைய இரண்டாவது நூலான 'எ ஹோம் ஃப்ரம் ஹோம்' 2006இல் வந்தது. லண்டன் குண்டுவெடிப்புகள் நடந்து ஓராண்டே ஆகியிருந்த நேரம். குடியேறியவர்கள் தங்கள் மொழி, பழக்கவழக்கங்களோடு தனித்தனித் தெருக்களில் வாழும்படி விட்டுவிடுவதே பெருந்தன்மை என்று பிரிட்டன் எண்ணியது தவறு, அது பிள்ளைகளைப் பொது வாழ்விலிருந்து ஒதுக்கிவிட்டது என்று அவர் வாதிட்டார். போர்ட்ஸ்மத் விடுதியில் சுற்றியிருந்தவர்களோடு கலப்பதைத் தவிர வேறு வழியே இல்லாமல் வளர்ந்தவரின் வாதம் அது. பிரிட்டனின் கலப்பினக் குடும்பங்களைப் பற்றி 2011இல் 'மிக்ஸ்ட் பிரிட்டானியா' என்ற ஆவணத் தொடரையும் வழங்கினார். 2019இல் தென்னாப்பிரிக்க நில ஊழலைக் களமாக வைத்து 'த பர்னிங் லேண்ட்' என்ற நாவலை எழுதினார்.

'எ ஹோம் ஃப்ரம் ஹோம்' நூலின் வாதத்தைக் கும்மிடிப்பூண்டியில் வைத்துப் பார்த்தால் அதன் இன்னொரு பக்கம் தெரிகிறது. சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே, ஆந்திர எல்லைக்கு அருகே, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 1983க்குப் பிறகும், குறிப்பாக 1990இல் இரண்டாம் ஈழப் போர் தொடங்கிய பிறகும், படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்து மண்டபம் வழியாகப் பல முகாம்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. அழகையா குடும்பத்தை நாட்டை விட்டுக் கிளப்பிய அதே இனமுரண்தான், முற்றி வெடித்த பிறகு, இவர்களையும் கிளப்பியது. 1961இல் போனவர்களிடம் கடவுச்சீட்டும் பட்டமும் இருந்தன. பின்னால் வந்தவர்களிடம் கையில் எடுக்க முடிந்த மூட்டை இருந்தது.

மொழியும் உணவும் சாமியும் பொதுவாக இருந்தும் இவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தை குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, பெயின்ட் வேலைக்கோ தொழிற்சாலைக்கோ போகும் இளைஞர்களும் சட்டப்படி வெளிநாட்டவர்களே. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கத் தொடங்கியது. குடியேறியவர் ஒதுங்காமல் பொது வாழ்வில் கலக்க வேண்டும் என்பதே அழகையாவின் நூல் அழுத்திச் சொன்னது. அதற்கு முன்னால் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்க வேண்டும் என்பதை முகாம் காட்டுகிறது. அதே சிப்காட்டின் உருக்காலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்வோருக்கு நிலைமை நேர்மாறு. அவர்கள் குடிமக்கள்; மொழிதான் அந்நியம்.

நோயைச் செய்தியாக்கியவர்

2014 ஏப்ரலில், 58 வயதில், அழகையாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதற்குள் அது கல்லீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது; அதாவது நான்காம் நிலை. பல சுற்றுக் கீமோ சிகிச்சைகளும் அறுவைச் சிகிச்சைகளும் முடித்து 2015 நவம்பரில் மேசைக்குத் திரும்பினார். 2017 இறுதியில் நோய் மறுபடி வந்தது. 2019 ஜனவரியில் மறுபடி வாசிக்க வந்தார். 2020இல் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்தது. 2022 அக்டோபரில் அடுத்த சிகிச்சைக்காக விடுப்பில் போனவர் திரும்பவில்லை.

இந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்த அறப்பணியே பலரை எட்டியது. பவல் கேன்சர் யுகே என்னும் தொண்டு அமைப்பின் பணிகளுக்குத் தம் பெயரையும் குரலையும் தந்தார். 2020இல் அந்த அமைப்புக்காக ஒலிவழி உரையாடல் தொடர் ஒன்றை நடத்தி, நோயாளிகளையும் மருத்துவர்களையும் பேட்டி கண்டார். மலம், குடல், இரத்தப்போக்கு என்று சபையில் பேசத் தயங்கும் சொற்களை, செய்தி வாசித்த அதே நிதானக் குரலில் பேசினார்.

அவர் எழுப்பிய கேள்வி குறிப்பானது. பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். நான்காம் நிலையில் பத்தில் ஒருவர் கடப்பதே அரிது. தொடக்கத்தில் பிடிக்க உதவும் சோதனை கடினமானதன்று. வீட்டுக்கு அஞ்சலில் வரும் சிறு குப்பியில் மல மாதிரி கொஞ்சம் எடுத்துத் திருப்பி அஞ்சலில் அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் இருக்கிறதா என்று ஆய்வகம் பார்க்கும். ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே இந்தச் சோதனை எல்லாருக்கும் வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் அப்போது 60 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாம் ஸ்காட்லாந்தில் வாழ்ந்திருந்தால் நோய் முன்பே தெரிந்திருக்கும் என்று 2018இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். நோயாளி அமைப்புகள் ஏற்கெனவே நடத்திவந்த இயக்கத்துக்கு அது வலுச்சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்திலும் வயது வரம்பை 50ஆகக் குறைக்கப் பிரிட்டன் அரசு ஒப்புக்கொண்டது. 2021 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

நியாய வணிகத்துக்கு வந்த ஆட்சேபம் இதற்கு வரவில்லை. சோதனை வயதைக் குறைப்பதும் அரசு நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய கொள்கைக் கேள்வியே. ஆனாலும் நோயாளி தம் நோயைப் பற்றிப் பேசுவதை எவரும் பக்கச்சார்பு என்று சொல்லத் துணிவதில்லை. கேமராவின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டவர் என்ற நிலை அவருக்கு அந்த உரிமையைத் தந்தது. மெலிந்த உடலோடு திரையில் தோன்றியபோது, பார்க்கப்படுபவரின் கூச்சம் என்ன என்பதை அவர் தம் உடலிலேயே அறிந்திருந்தார். அதை மறைக்காமல் பயன்படுத்தினார்.

தமிழ்நாட்டிலும் இந்த அனுபவத்துக்குப் பொருத்தம் உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய காலம் முதல், மருத்துவர் வி. சாந்தா உள்ளிட்டோர் முற்றிய நிலையில் வரும் நோயாளிகளைப் பற்றியே மிகவும் கவலைப்பட்டார்கள். இந்தியாவின் தொற்றா நோய்த் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குப் பொதுப் பரிசோதனை வைத்திருக்கிறது. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. மூலம் என்று எண்ணிக் கைமருந்து பார்த்து மாதங்களைக் கடத்துவது இங்கே வழக்கமாகவே இருக்கிறது.

மறைவு

ஜார்ஜ் அழகையா 2023 ஜூலை 24 அன்று, 67 வயதில், குடும்பத்தினர் சூழக் காலமானார். மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். அன்று பிபிசியின் செய்தி அரங்கில் அவருடைய சகாக்களே அந்தச் செய்தியை வாசிக்க வேண்டியிருந்தது. இருபதாண்டு காலம் பிறர் இறப்புகளை அவர் எந்த நிதானத்தோடு வாசித்தாரோ, அதே நிதானத்தில் அதை வாசிக்க அவர்கள் முயன்றார்கள்.